சிவப்பைக் கூட்டினால் சிவப்பு மறையும்

எங்கள் வீட்டில் காகிதம் என்றால் அது என் இலாகா. கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவன் நான். எந்தப் பெட்டி எந்த லோரியில் ஏறியது, எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்றபின் அந்தப் பழக்கமும் என்னோடு கிள்ளான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு இரும்பு அலமாரி, அதில் ஓட்டை போட்டுக் கோத்த கோப்புகள், ஒவ்வொன்றின் முதுகிலும் என் கையெழுத்தில் தலைப்பு. ஒரு முறை என் மனைவி தண்ணீர் பில்லைத் தேடி அதைத் திறந்துவிட்டாள். வரிசை கலைந்துவிட்டதென்று நான் கத்திய கத்தலில், அதன்பின் அவள் அந்த அலமாரிப் பக்கமே போவதில்லை.

அதனால் ஜொகூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் புது டேப்லட் வாங்கிக்கொண்டு பழையதை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதன் ஒரு மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

"சீரியல் பாக்க நல்லா இருக்கும் லா," என்றேன்.

"பாக்கலாம்," என்றாள். அவள் 'பாக்கலாம்' என்று சொன்னால் நான் கொஞ்சம் உஷாராக இருந்திருக்க வேண்டும். முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

யாரிடமும் அவள் பாடம் கேட்கவில்லை. மத்தியானம் சமையல் முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்ப்பாள். ஏதாவது காணாமல் போனால் பதற மாட்டாள். திரும்ப முதலிலிருந்து தொடங்குவாள். "எதையாச்சும் அமுக்கிக் கெடுத்துறாதே," என்று நான் சொன்னால், "கெட்டா கெட்டுட்டுப் போவட்டும், இது என்ன பாலா, திரிஞ்சி போறதுக்கு?" என்பாள்.

முதலில் என் மூக்கை உடைத்தது எதிர்வீட்டு ஆன்டியின் கடிதம். இருதய டாக்டரைப் பார்க்க கிளினிக்கில் எழுதிக் கொடுத்த கடிதத்தை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஆன்டி என்னிடம்தான் வந்தார். நான் பெரிய மனுஷன் தோரணையில், சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் நகல் எடுத்து வருகிறேன், நாளைக்கு அனுப்பிவிடலாம் என்றேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், ஆன்டி காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். என் மனைவி கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்து, நான்கு ஓரத்தையும் இழுத்து நேராக்கி, பிடிஎஃப் கோப்பாக்கி, ஆஸ்பத்திரிக்கு மின்னஞ்சலும் அனுப்பி முடித்திருந்தாள்.

"அங்கிள் எங்க கெளம்பிட்டாரு?" என்று ஆன்டி கேட்டார். மழை வருகிறதா என்று பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றேன்.

அதற்குப்பின் எங்கள் தாமான் குடியிருப்பில் அவள்தான் ஆபீஸ். பள்ளிக்கூட விண்ணப்பப் பாரம், சாலை விபத்துக்குப் போலீஸ் ரிப்போர்ட், அப்பாவின் இறப்புப் பத்திரம் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாவற்றையும் சரியான வரிசையில் அடுக்கி, ஒரே கோப்பாகச் சேர்த்து, திறந்தால் எந்த போனிலும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று என் போனுக்கு ஒரு தடவை அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். கோப்புக்குப் பெயர் வைப்பதிலும் ஒரு நேர்த்தி. யாருடையது, என்ன காகிதம், எந்த மாதம். நான் முப்பத்திரண்டு வருடம் கோப்பு முதுகில் எழுதியதைவிட அது தெளிவாக இருந்தது. வாயைத் திறந்து அதைச் சொன்னேனா என்றால், இல்லை. என்னைக் கல்லுளிமங்கன் என்று அவள் சொல்வது சும்மா இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் கூடிப் பாடும் பெண்கள் குழுவில் அவளும் ஒருத்தி. குழுத் தலைவியான அக்கா ஒருவர் பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் தட்டெழுதி எல்லாருக்கும் அனுப்பினார். பாதிப் பேர் போனில் எழுத்தெல்லாம் உடைந்து, கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் வெறும் கட்டங்கள். என் மனைவி அந்த அக்காவிடமிருந்த அச்சுப் புத்தகத்தையே வாங்கி வந்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கோப்பாக்க உட்கார்ந்தாள். அதில் வேறொரு தலைவலி. எந்த வரியை இரண்டு தடவை பாட வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று அக்கா சிவப்புப் பென்சிலால் பக்கம் முழுக்கக் கோடு போட்டு வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் கோடெல்லாம் கறுத்துப்போய் எழுத்தை மூடியது.

இரண்டு நாள் மல்லுக்கட்டினாள். மூன்றாம் நாள் சமையலறையிலிருந்த என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். படத்தைத் திருத்தும் இடத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சறுக்குக்கோடு இருந்தது. கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்புக்கான கோட்டை வலது பக்கம் தள்ளினாள். சிவப்புப் பென்சில் கோடுகள் மங்கி மங்கி வெள்ளையாகிப் போயின. அச்செழுத்து மட்டும் நின்றது.

"சிவப்பைக் குறைக்கணும்னு ரெண்டு நாளா கொறச்சிக்கிட்டே இருந்தேங்க. கூட்டணும். கூட்டுனா மறைஞ்சிரும்," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த வெள்ளிக்கிழமை சுண்டலுக்காகக் கோயிலுக்குப் போன நான் பார்த்தேன்: பதினைந்து பெண்கள், பதினைந்து போன், எல்லாவற்றிலும் ஒரே பக்கம், ஒரே பாட்டு. உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது. சுண்டலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்து சில மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவனிடம் அவள் சொன்னாள்:

"ஏங்க, பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு பாலர் பள்ளியில ஆபீஸ் வேலைக்கு ஆள் கேக்குறாங்க. நான் மனு போடப் போறேன். இன்னிக்கி அஞ்சு மணிக்கு மூடுது."

மணி இரண்டரை. நான் எள்ளும் கொள்ளுமாக வெடித்தேன். இதைச் சொல்கிற நேரமா இது, பாரம் எங்கே, என்னென்ன கேட்டிருக்கிறார்கள், முன்னாடியே சொன்னால் நான் கோப்பு போட்டுத் தந்திருக்க மாட்டேனா என்று. அவள் டேப்லட்டைத் திருப்பிக் காட்டினாள். பாரம் திங்கட்கிழமையே நிரப்பி முடித்துவிட்டாள். அடையாள அட்டை, படம், குழுவுக்கும் தாமானுக்கும் அவள் செய்த வேலையைப் பற்றி அந்த அக்கா எழுதிக் கொடுத்த கடிதம், எல்லாம் கோப்பாகி வரிசையில் இருந்தன. ஒரு இடம் மட்டும் காலி.

"சர்டிபிகேட் மட்டும் இல்ல," என்றாள். "அது சாமி ரூம்ல இருக்கு."

நான்கு நாள் அவள் ஏன் காத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் சான்றிதழை எடுக்க வேண்டுமானால் என்னிடம் சொல்ல வேண்டும்.

இதை மறைக்காமல் எழுதுகிறேன். ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் போய் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்து எஸ்.பி.எம். பரீட்சை எழுதியவள் என் மனைவி. பெண் பார்க்கப் போனபோதே அவள் அப்பா, "என் மக முதல் தரத்துல பாஸ் பண்ணுனவ," என்று சொன்னார். நான் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். கல்யாணமாகி மூன்றாவது மாதம், தற்காலிக ஆசிரியை வேலைக்கு அவளைக் கூப்பிட்டு ஒரு கடிதம் வந்தது. நான் அதைப் படித்துவிட்டு, "நீ வேலைக்குப் போற அளவுக்கு இந்த வீட்டுல என்ன கொறைச்சல்?" என்று கேட்டேன். அவள் கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு அவள் சான்றிதழைப் புத்தகங்களோடு வைத்தாள். பூசை முடிந்து எடுக்க வந்தபோது, "இருக்கட்டும், படிப்பு சாமிகிட்டதான் இருக்கணும்," என்று நான்தான் சொன்னேன். சரஸ்வதி படத்துக்கு அடியில் அது அப்படியே தங்கிவிட்டது.

எடுத்து வந்து மேசையில் வைத்தாள். ஐயோ, அதைப் பார்க்க வேண்டுமே. வருடா வருடம் பூசையில் வைத்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் ஏடு ஏடாகக் காய்ந்து, காகிதத்தின் நடுவே சிவப்பாகப் புடைத்து நின்றது. டேப்லட்டில் படம் பிடித்தாள். கறுப்பு வெள்ளையில் அந்த இடம் தார் ஊற்றியது போல ஒரே கறுப்பு. பெயர் தெரிந்தது, பாடங்கள் பாதி தெரிந்தன. என்ன தரம் என்ற வரி இருந்த இடமே தெரியவில்லை.

"யாரு இப்படி அப்பி வெச்சது? ஒரு பொட்டு வெச்சா பத்தாதா?" என்று கத்தினேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீங்கதாங்க," என்றாள்.

என் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் வீட்டில் பூசை போடுவது நான்தான். சந்தனம் குழைத்து, விரலால் தொட்டு, புத்தகங்களுக்கும் மகளுடைய பேனாவுக்கும் ஒவ்வொரு பொட்டு வைப்பதும் நான்தான். அவற்றுக்கெல்லாம் ஓரத்தில் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவுவதுகூட மூலையில்தானே? இதற்கு மட்டும் நடுவில், அந்த ஒரு வரியின்மேல், முப்பது வருடம். தெரியாமல் கை அங்கே போனது என்று சொன்னால் நீங்கள் நம்பலாம். நான் நம்பவில்லை.

பதற்றத்தில் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். துடைக்கக் கை நீட்டியதும் புறங்கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. "கரைஞ்சி காகிதம் பூரா ஓடிரும். சும்மா உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தேன். மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

மகள் விட்டுப்போன முகப்பவுடர் பிரஷ் ஒன்றை எடுத்து வந்தாள். குழந்தையின் கண்ணில் விழுந்த தூசை எடுப்பதுபோல, காய்ந்த ஏட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி உதிர்த்தாள். உதிர்ந்த குங்குமத்தை ஊதித் தள்ளவில்லை, ஒரு சின்னத் தட்டில் சேர்த்தாள். மேலே இருந்தது போனதும், காகிதத்தில் ஊறிய சிவப்புக் கறை மட்டும் அகலமாக மிஞ்சியது. அதன் அடியில் ஏதோ எழுத்து இருப்பதாகத் தெரிந்தது, படிக்க முடியவில்லை.

ஜன்னல் பக்கம் மேசையை இழுத்தாள். நிழல் விழாமல் நின்று இன்னொரு படம் பிடித்தாள். அந்த நிறச் சறுக்குக்கோடுகளைத் திறந்து, சிவப்பின்மேல் விரலை வைத்து மெதுவாக வலது பக்கம் தள்ளினாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கறுத்துக் கிடந்த இடம் சாம்பல் நிறமாகி, பிறகு வெளுத்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கணக்கில் சிறப்புத் தேர்ச்சி. அதற்குக் கீழே மலாயில் 'பங்காட் சத்து'. முதல் தரம்.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளை நினைத்தால் பிரமிப்பாகவும் இருந்தது. என்னவெல்லாம் தெரிந்தவள் இவள் என்று அந்த மேசைப் பக்கத்தில் நின்றுகொண்டு நினைத்தேன். இத்தனை வருடம் தெரியாமல் இருந்தது அவள் குறையில்லை.

"இதையே அனுப்பிரு. சுத்தமா இருக்கு," என்றேன்.

"அது எப்படிங்க? நான் ஏதோ திருத்துன மாதிரி ஆயிரும்." கலர் படத்தை, குங்குமக் கறையோடு, முதல் பக்கமாக வைத்தாள். தெளிவான கறுப்பு வெள்ளைப் படத்தை அதற்கடுத்த பக்கமாக வைத்தாள். கீழே இரண்டு வரி எழுதினாள்: சான்றிதழ் பூசையில் இருந்ததால் கறை படிந்துள்ளது, படிக்க வசதியாக அதே படம் நிறம் நீக்கித் தரப்பட்டுள்ளது, மூலத்தை நேரில் காட்டுகிறேன். "ஒளிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு?" என்றாள். ஒளித்தவன் நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்தால் ஐந்து எம்.பி. வந்தது. அவர்கள் கேட்டது இரண்டுக்குள். மணி நாலேகால். நான் நடையாய் நடந்தேன். அவள் ஒவ்வொரு பக்கமாகச் சுருக்கினாள். எழுத்து மங்கிவிட்டதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள், மங்கியிருந்தால் திரும்பச் செய்தாள். நாலு நாற்பதுக்கு, "போயிருச்சு," என்றாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். பாட்டுக் குழு இருக்கிறதாம்.

அவள் போனபின் என் போன் சிணுங்கியது. வழக்கம்போலச் சரிபார்க்க எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தாள். அலமாரியை மறந்து, போனில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரத்தில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். கிள்ளானிலிருந்து ரயிலில் போனோம். சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடங்காமல் நான் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். பிரிக்பீல்ட்ஸில் பாலர் பள்ளி வாசலில் அதை அவள் கையில் கொடுத்தேன். எதிரிலிருந்த கடையில் தே தாரிக் ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். டீ ஆறிப்போய் ஆடை படிந்தது, குடிக்க மனம் வரவில்லை. எனக்குப் பயம். வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று மட்டும் இல்லை. அந்தக் குங்குமத்தைப் பற்றிக் கேட்பார்கள். அவள் என்ன சொல்வாள்?

நாற்பது நிமிடம் கழித்து வந்தாள். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ரயிலில் உட்கார்ந்தபின்தான் கேட்டேன்.

"என்ன கேட்டாங்க?"

"பிடிஎஃப் பண்ணுனது யாருன்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன். அங்கயே ஒரு பழைய ரெஜிஸ்டரைக் குடுத்து பண்ணிக் காட்டச் சொன்னாங்க. பண்ணிக் காட்டுனேன். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வரச் சொல்லிட்டாங்க."

வேலை கிடைத்துவிட்டது. அதை அவள் கடைசியில், போகிற போக்கில் சொன்ன விதம் இருக்கிறதே! எனக்கு எழுந்து அந்தப் பெட்டியில் இருந்த எல்லாரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது.

"வேற ஒண்ணும் கேக்கலியா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இவ்வளவு நல்ல ரிசல்ட்டு வெச்சிக்கிட்டு ஏம்மா இத்தன வருஷம் வேலைக்குப் போகலன்னு அந்தத் தலைமை டீச்சரு கேட்டாங்க. சாமி ரூம்ல இருந்துச்சு டீச்சர், இப்பதான் எறங்கி வந்திருக்குன்னு சொன்னேன். சிரிச்சிட்டாங்க."

"அவ்வளவுதான் சொன்னியா?"

"வேற என்ன சொல்லணும்?"

உறையை அவளிடமிருந்து வாங்கி, கிள்ளான் வரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருட சரஸ்வதி பூசை வேலை நாளில் வந்தது. காலையிலேயே அவள் டேப்லட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். "நீங்க போட்டுருங்க, சுண்டலுக்குக் கடலை ஊற வெச்சிருக்கேன்," என்று மட்டும் சொன்னாள். நான் தனியாக விளக்கேற்றி, புத்தகங்களை அடுக்கி, மேலே அவள் சான்றிதழை வைத்தேன். சந்தனத்தைத் தொட்ட விரல் நின்றது. காகிதத்தைத் திருப்பினேன். பின்பக்கம், வெறும் வெள்ளையாக இருந்த மூலையில், கடுகளவு ஒரு பொட்டு வைத்தேன்.

படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். 'படமா அனுப்பாதீங்க, பிடிஎஃப்பா அனுப்புங்க' என்று பதில் வந்தது. கிண்டல். சரி, பார்ப்போம் என்று நானும் உட்கார்ந்தேன். முதல் தடவை படத்தில் என் கட்டைவிரல் விழுந்தது. அடுத்த தடவை பக்கம் கோணலாகி, மூன்றாவது தடவை விளக்கின் நிழல். நாலாவது தடவை சரியாக வந்தது. சான்றிதழ், பொட்டு, யாருடையது, எந்த வருடம் என்று அவளைப் போலவே பெயர் வைத்து அனுப்பினேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறந்து பார்த்திருக்கிறாள். எழுதியிருந்தாள்: 'நல்லா வந்திருக்கு. இதை முப்பது வருஷம் முன்னாடியே திருப்பியிருக்கலாம்.'

அந்தச் செய்தியை நான் அழிக்கவில்லை. அதையும் கோப்பாக்கி வைத்திருக்கிறேன்.